அயனிப் பலகையும் கால் இஞ்ச் ராடும்: வெஸ்டாவைப் பிடித்த பதிவு

ஏப்ரல் 26 ராத்திரி எடுத்த படத்தையும் 28 ராத்திரி எடுத்த படத்தையும் ஒரே அளவில் திறந்து வைத்து, கீபோர்டில் இடது அம்பு, வலது அம்பு என்று மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தேன். ஆயிரக்கணக்கில் புள்ளிகள். எல்லாம் ஆணி அடித்த மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தன. நாற்பது, ஐம்பது தடவை தட்டியிருப்பேன். நடுவிலிருந்து கொஞ்சம் வலதுபக்கம் ஒரு புள்ளி மட்டும் தத்துக்கிளி மாதிரித் தாவியது. இடது அம்பு, இங்கே. வலது அம்பு, அங்கே. பின்னால் நின்ற அக்கா மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு விடை முன்பே தெரியும். எனக்குத் தெரியக்கூடாது என்பதுதான் ஒப்பந்தம்.

வெஸ்டா என்ற சிறுகோளை நானே தேடிப் பிடிக்க இரண்டரை மாச வேலை, 1,950 ரூபாய், மூன்று பொய்க் கண்டுபிடிப்புகள். வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். வீடு பூதப்பாண்டிப் பக்கம், கடை நாகர்கோவிலில். வானத்துக்கும் எனக்கும் பெரிய சம்பந்தம் இருந்ததில்லை. 2025 பிப்ரவரியில், '2024 ஒய்.ஆர்.4' என்ற சிறுகோள் 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோத 3 சதவீதம் வாய்ப்பு என்று செய்தி வந்தது. சில நாளிலேயே அந்த வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அந்தச் செய்தியில் ஒரு வரி மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. 2024 டிசம்பர் 27 அன்று அதைக் கண்டுபிடித்தது சிலி நாட்டில் இருக்கும் அட்லஸ் தொலைநோக்கி. அதன் விட்டம் அரை மீட்டர்தான். நான் ஏதோ மலை மாதிரி ஒன்று என்று நினைத்திருந்தேன். அரை மீட்டர் என்றால் எங்கள் வீட்டில் பாயசம் வைக்கிற உருளியின் வாய்.

அட்லஸ் வேலை செய்கிற விதத்தைத் தேடிப் படித்தேன். அப்போது ஹவாயில் இரண்டு, சிலியில் ஒன்று, தென்னாப்பிரிக்காவில் ஒன்று. வானத்தின் ஒரு துண்டை 30 செகண்ட் படம் எடுக்கும். ஒரு மணி நேரத்துக்குள் அதே துண்டை நாலு தடவை எடுக்கும். பழைய படத்தைக் கழித்துவிட்டு, மிஞ்சிய புள்ளிகளில் எது நேர்க்கோட்டில் நகர்ந்தது என்று கம்ப்யூட்டர் பார்க்கும். அவ்வளவுதான் அடிப்படை. 30 செகண்ட் படம் கல்யாணத்துக்குப் படம் எடுக்கிற கேமராவிலும் எடுக்கலாமே என்று தோன்றியது. கூட்டாளி ஒருத்தன் கல்யாண போட்டோகிராபர். அவனிடம் பழைய 18 மெகாபிக்சல் டி.எஸ்.எல்.ஆர். ஒன்று சும்மா கிடந்தது. 50 மி.மீ. லென்ஸோடு வாங்கி வந்தேன்.

வெஸ்டாவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் பயம்தான். சிறுகோள்களில் பிரகாசமானது அது. 2025 மே 2 அன்று சூரியனுக்கு நேர் எதிரில், அதாவது எதிர்நிலைக்கு, வருகிறது, துலாம் ராசியில். அந்தச் சமயத்தில் நல்ல இருட்டு ஊர் என்றால் வெறுங்கண்ணுக்கே தட்டுப்படும் அளவு. 500 கிலோமீட்டருக்கு மேல் விட்டம். அதைக்கூட பிடிக்க முடியாவிட்டால் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஆனால் ஸ்டெல்லேரியம் ஆப்பைத் திறந்தால் 'இதோ வெஸ்டா' என்று அம்புக்குறி போட்டுக் காட்டிவிடும். அதைப் பார்த்துப் படம் எடுத்தால் அது போட்டோ, கண்டுபிடிப்பு இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடித்துவிட்டுச் சும்மா இருந்த அக்கா மகளைக் கூப்பிட்டேன். ஆப் அவள் போனில் மட்டும். எந்தப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டும் என்று மட்டும் சொல்வாள். 50 மி.மீ. லென்ஸில் 25 டிகிரிக்கு 17 டிகிரி வானம் விழும். அதில் எது வெஸ்டா என்று நான் சொல்ல வேண்டும்.

வானம் சுற்றுவதால் கேமராவும் கூடவே சுற்ற வேண்டும், இல்லையென்றால் நட்சத்திரம் எல்லாம் கோடாகிவிடும். அதற்குக் கடையில் கிடைக்கும் கருவி பதினைந்தாயிரத்துக்கு மேல். மலிவான வழி இரண்டு பலகை, ஒரு கீல், ஒரு திருகு. பலகைகளைப் புத்தகம் மாதிரிக் கீலால் சேர்த்து, கீலின் அச்சை வடதுருவத்தை நோக்கி வைத்து, திருகால் மேல்பலகையை மெல்ல மெல்லத் தூக்க வேண்டும். கணக்கு எளிது: வானம் நிமிஷத்துக்குக் கால் டிகிரி நகர்கிறது. ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறும் திருகு என்றால், கீலிலிருந்து 228.5 மி.மீ. தள்ளித் திருகை வைத்து, நிமிஷத்துக்கு ஒரு சுற்று சுற்றினால் சரியாக வரும். இணையத்தில் கிடைக்கும் வரைபடங்கள் எல்லாவற்றிலும் இந்த 228 இருக்கும்.

பலகை எங்கள் தெரு மூத்தாசாரியிடம் கிடைத்தது. பழைய கதவை உடைத்து எடுத்த அயனி மரம், முக்கால் இஞ்ச் கனம். பிளைவுட் வேண்டாம், இந்த ஊர் ஈரக்காற்றுக்கு வளையும் என்றார். கூலி மட்டும் 400. விசாகிரி, அதாவது கீல், 90 ரூபாய்க்கு ஒரே நீளமாக வாங்கினேன். சின்னக் கீல் இரண்டைத் தனித்தனியாக அடித்தால் இரண்டும் ஒரே கோட்டில் நிற்காது. திருகுக்குத் திரெட் ராடு வடசேரியில் ஒரு ஹார்டுவேர் கடையில் 60 ரூபாய். 'ஆறு எம்.எம். ராடு' என்று கேட்டேன். கொடுத்தார்கள். கொண்டுவந்து 229 மி.மீ.யில் ஓட்டை போட்டுவிட்டேன். ஸ்கேலை வைத்து ஒரு தடவை பார்த்திருந்தால் மூன்று வாரம் மிச்சம்.

மார்ச் 22 ராத்திரி முதல் ஓட்டம். மோட்டார் கிடையாது. ராடின் அடியில் ஒரு மரக்கட்டையைக் கைப்பிடியாக மாட்டி, சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செகண்ட் முள் போகிற வேகத்துக்குச் சுற்றினேன். படம் பார்த்தால், ஓட்டாமல் எடுத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீளமான கோடுகள். கீலைக் கிழக்குப் பக்கம் வைத்துவிட்டேன். கீல் மேற்கில் இருக்க வேண்டும், ராடு கிழக்கு ஓரத்தைத் தூக்க வேண்டும். அப்போதுதான் பலகை மேற்கே சாயும். அந்த ராத்திரி அப்படிப் போயிற்று.

மார்ச் 29, சனிக்கிழமை, அமாவாசை. கீலைத் திருப்பி வைத்தாயிற்று. 11 மணிக்குப் பத்துப் படம், 2 மணிக்குப் பத்துப் படம். கோடு சின்னதாகியிருந்தது, ஆனால் போகவில்லை. ஒவ்வொரு நட்சத்திரமும் சீரக அளவுக்கு நீண்டு கிடந்தது. இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எதுவும் நகரவில்லை. பிறகு எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று மங்கலான ஒரு புள்ளியைக் காட்டினேன். அக்கா மகள் உதட்டைப் பிதுக்கினாள். பொய் நம்பர் ஒன்று.

கோடு ஏன் போகவில்லை என்பதற்குக் காரணம் வடதிசை சரியில்லை என்று முடிவு கட்டினேன். அது தப்பு, ஆனால் அந்தத் தப்பில் ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை கழிந்தது.

இங்கே துருவ நட்சத்திரம் பார்த்து வடக்கு பிடிக்க முடியாது. நம் மாவட்டம் எட்டேகால் டிகிரி அட்சத்தில் இருக்கிறது, ஆகவே துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே எட்டேகால் டிகிரிதான். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் பத்து டிகிரி, அதற்கும் கீழே. எங்கள் வீட்டுக்கு வடக்கே மலை நிற்கிறது. ஒரு வகையில் இது வசதியும்கூட: ஐரோப்பியர்கள் வரைந்த வரைபடத்தில் பலகையை நாற்பது, ஐம்பது டிகிரி சாய்த்து முக்காலியில் ஏற்றியிருப்பார்கள். எனக்கு 300 மி.மீ. நீளத்துக்கு வடக்கு முனையை 43 மி.மீ. தூக்கினால் போதும். மூத்தாசாரி ஆப்பு ஒன்று செதுக்கித் தந்தார். முக்காலியே வேண்டாம், மாடித் தரையிலேயே வைத்துவிடலாம்.

போன் திசைகாட்டியை நம்பவில்லை, அதை கம்பி போட்ட கான்கிரீட் மேல் வைத்தால் நினைத்தபடி ஆடும். நண்பகல் நிழல் தென்வடலாக விழும் என்று பள்ளியில் படித்தது ஞாபகம் வந்தது. ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு. தெருவில் ஓலை பிடித்துப் பவனி போய் முடிந்த நேரம், மாடியில் ஒரு மீட்டர் கம்பை ரசமட்டம் பார்த்து நிறுத்தினேன். இங்கே சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது இல்லை, பன்னிரண்டு இருபது வாக்கில். காத்திருந்தேன். நிழல் குறைந்தது, குறைந்தது, கடைசியில் கம்பின் காலடியில் ஒன்றரை சென்டிமீட்டர் கறுப்பாக நின்றது. கம்பின் தடிமனே இரண்டு சென்டிமீட்டர். அதுவும் தெற்குப் பக்கம். என்ன கோடு போடுவது?

சித்திரை பிறக்கிற சமயம் சூரியன் சரியாக நம் தலைக்கு மேலே வருகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. ஏப்ரல் 11 வாக்கில் இந்த ஊரில் நிழலே விழாது. வருஷத்தில் இந்த வேலைக்கு ஆகவே ஆகாத வாரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்த மூத்தாசாரி சிரித்தார்.

"உச்சி வெயில்ல நெழலத் தேடுனா எங்க மக்ளே கெடைக்கும்? காலத்த ஒரு தடவ, வைட்டு ஒரு தடவ பாரு."

வீட்டுக்கு நிலை பார்க்கிற பழைய முறை. கம்பை மையமாக வைத்துக் கயிற்றால் ஒரு வட்டம். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி, மாலையில் மறுபடி தொடும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு, அதற்குக் குறுக்கே வடக்கு. மறுநாள் சித்திரை ஒன்று, கடை லீவு, செய்து முடித்தேன். மாடியில் சிவப்புப் பெயின்டில் கோடும் போட்டுவிட்டேன். அம்மா ஏறி வந்து பார்த்துவிட்டு, "அப்பம் இத்தன வருசமா வடக்க தல வச்சா படுத்தோம்?" என்றாள். வீடு பன்னிரண்டு டிகிரி கோணலாகக் கட்டப்பட்டிருக்கிறது. கோடைக்கு மாடியில் விரிக்கிற பாய் எல்லாம் அன்றிலிருந்து திரும்பிவிட்டது.

இத்தனையும் செய்தும் அன்று ராத்திரி நட்சத்திரம் அதே சீரகம். பிறகுதான் உட்கார்ந்து அளந்தேன். ஓட்டாமல் எடுத்த 30 செகண்ட் படத்தில் கோட்டின் நீளம் 25 பிக்சல். ஓட்டி எடுத்ததில் 7 பிக்சல். ஏழை இருபத்தைந்தால் வகுத்தால் 0.28. அதாவது நான் கால் பங்குக்கும் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் ஓட்டுகிறேன், அல்லது குறைவான வேகத்தில். எது வடக்கு என்பதில் தப்பிருந்தால் இப்படி ஒரு நேரான விகிதம் வராது. ஸ்டீல் ஸ்கேலை எடுத்து ராடின் மேல் வைத்து, நகக்கண்ணால் ஒவ்வொரு மரையாகத் தள்ளி எண்ணினேன். பத்து மரைக்கு 12.7 மி.மீ. ஆறு எம்.எம். இல்லை அது, கால் இஞ்ச் ராடு. ஒரு இஞ்சுக்கு இருபது மரை. சுற்றுக்கு 1 மி.மீ.க்குப் பதில் 1.27 ஏறுகிறது. கடைக்காரர் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. நாள் முழுக்க மரை பார்க்கிற என் கண்ணுக்குமா? வெட்கமாகத்தான் இருந்தது.

கால் இஞ்ச் ராடுக்கு ஓட்டை 290 மி.மீ.யில் வர வேண்டும். பலகையின் அகலம் அதற்குக் காணாது. புது ராடு வாங்கலாம். ஆனால் கையால் சுற்றுவதில் இன்னொரு தொல்லையும் இருந்தது, ஒவ்வொரு தொடலுக்கும் கேமரா நடுங்குகிறது. ஆகவே மோட்டார் போட்டு வேகத்தை மாற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். 28பிஒய்ஜே-48 என்கிற, ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுற்றும் சின்ன ஸ்டெப்பர் மோட்டார், டிரைவர் போர்டோடு 180. அதற்குக் கட்டளை கொடுக்கும் சின்ன கம்ப்யூட்டர் போர்டு அர்டுயினோ நானோ 250. 229 மி.மீ.யில் 1.27 ஏறும் ராடு 76 செகண்டுக்கு ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்த மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 2048 ஸ்டெப் என்று எங்கும் எழுதியிருக்கும். உள்ளே பல்சக்கரங்களை எண்ணிப் பெருக்கினால் 2038தான் வருகிறது. அரை ஸ்டெப்பாக ஓட்டினால் 4076. ஒரு அரை ஸ்டெப்புக்கு 18.66 மில்லிசெகண்ட். நிரலில் அந்த ஒரு எண்ணைப் போட்டேன், அவ்வளவுதான்.

மோட்டாரையும் ராடையும் சேர்க்க முதலில் கேஸ் டியூப் துண்டைச் செருகினேன். ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்று, பிறகு துள்ளி விடும். லேத்தில் பித்தளைக் கப்ளிங் ஒன்று கடைந்து வாங்கினேன், 120 ரூபாய். ராடு ஏற ஏற மோட்டாரும் கூடவே ஏற வேண்டும், ஆனால் சுற்றக்கூடாது. அதற்கு ஸ்கிராப்பில் கிடந்த அலுமினியச் சேனலை நிறுத்தி அதன் பள்ளத்தில் மோட்டாரின் காதை விட்டேன். பழைய விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு. கேமராவை எந்தப் பக்கமும் திருப்ப பால்ஹெட் 650, அதுதான் ஆகப்பெரிய செலவு. ஷட்டரை அழுத்திப் பூட்டி வைக்கிற வயர் ரிமோட் 200. தொடர் படத்தில் வைத்து, ஷட்டர் 30 செகண்ட், ரிமோட்டைப் பூட்டிவிட்டால் அதுபாட்டுக்கு எடுத்துக்கொண்டே இருக்கும்.

ஏப்ரல் 19, நிலா எழுமுன் ஒரு சோதனை ஓட்டம். நட்சத்திரங்கள் உருண்டையாக வந்தன. கேமரா திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன், கடுகு மாதிரி உருண்டை. இருபது நிமிஷம் விட்டேன். அதற்குமேல் நேரான ராடு வில்லாகப் போகும் பலகையோடு ஒத்துப்போகாது, கோணப்பிழை சேரும். கீழே வந்து சிரில் என்ற இலவச மென்பொருளில் நட்சத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மாற்றிப் போட்டேன்.

ஒரு சிவப்புப் புள்ளி நகர்ந்தது.

பதினெட்டுப் பிக்சல். நட்சத்திரங்களை அடையாளம் காட்டும் அஸ்ட்ரோமெட்ரி டாட் நெட் தளத்தில் படத்தை ஏற்றிப் பார்த்ததில் என் ஒரு பிக்சல் 17.6 ஆர்க்செகண்ட் என்று வந்திருந்தது (ஒரு டிகிரிக்கு 60 ஆர்க்மினிட், ஒரு ஆர்க்மினிட்டுக்கு 60 ஆர்க்செகண்ட்), ஆகவே இருபது நிமிஷத்தில் ஐந்து ஆர்க்மினிட்டுக்கு மேல். வெஸ்டா இந்தச் சமயத்தில் நாளைக்குக் கால் டிகிரிதான் நகரும் என்று படித்திருந்தேன். அதைவிட இருபத்தைந்து மடங்கு வேகம்! பூமிக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று பாய்ந்துகொண்டிருக்கிறது. ராத்திரி பத்தேமுக்காலுக்கு அக்கா வீட்டுக்குப் போன் போட்டேன். அனுப்பிய படங்களை அவள் பொருத்தாமல், கேமராவில் வந்தது வந்தபடி திறந்து பார்த்திருக்கிறாள்.

"மாமா, இது நவரல்ல. எல்லாப் படத்துலயும் 3120ஆவது பிக்சல்லதான் நிக்கி. நட்சத்திரங்கதான் நவருது."

கேமரா சென்சாரில் செத்துப்போகாமல் எப்போதும் எரிந்துகொண்டிருக்கிற சூடான பிக்சல் அது. நட்சத்திரங்களைப் பொருத்தும்போது, நிற்கிற பிக்சல் ஓடுகிறதாகத் தெரிகிறது. ரயிலில் இருந்து தென்னை மரம் பார்க்கிற கதை. பொய் நம்பர் இரண்டு. அதே ராத்திரி இன்னொரு பச்சைப் புள்ளியைக் காட்டி நம்பர் மூன்றையும் முடித்து வைத்தேன்.

சரி, நட்சத்திரங்கள் ஏன் பதினெட்டுப் பிக்சல் நழுவின? வடக்குக் கோடு சரியாக இருந்தது. ரசமட்டத்தை மாடித்தரையில் வைத்தபோதுதான் பிடிபட்டது. மழைத்தண்ணீர் வடிவதற்காக மாடிக்குக் கொடுத்திருக்கும் வாட்டம் கிட்டத்தட்ட ஒரு டிகிரி. 43 மி.மீ. ஆப்பைச் சாய்ந்த தரைமேல் வைத்திருக்கிறேன். ஒரு டிகிரி தப்பு 30 செகண்ட் படத்தில் அரைப் பிக்சல்கூடக் காட்டாது, அதனால் ஒவ்வொரு படமும் சுத்தமாக இருந்தது. இருபது நிமிஷத்தில்தான் வெளியே வருகிறது. இங்கே ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: இந்த லென்ஸுக்கு இரண்டு டிகிரி தப்பினாலும் ஒரு பிக்சலுக்குள்தான். கம்பு, வட்டம், பெயின்ட் எல்லாம் அவசியமே இல்லை. அம்மாவின் பாய்க்கு மட்டும் பிரயோஜனம்.

அந்த வாட்டத்தை நான் திருத்தவும் இல்லை. நட்சத்திரங்கள் மெல்ல நழுவினால், பொருத்தும்போது சூடான பிக்சல் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு இடத்தில் விழும். இருபது, முப்பது படங்களைச் சேர்த்து, 'ஒரு இடத்தில் ஒரே ஒரு தடவை மட்டும் இருப்பதைத் தள்ளு' என்று சொன்னால் தானாகவே அழிந்துவிடும். கூடவே லென்ஸ் மூடியைப் போட்டுப் பதினைந்து இருட்டுப் படம் எடுத்துக் கழித்தேன்.

மார்ச் 29 ஏன் தோற்றது என்பதற்கும் அந்த வாரத்தில்தான் விடை கிடைத்தது. எதிர்நிலைக்கு ஒன்றரை மாசம் முன்னால், அதாவது மார்ச் நடுவில், வெஸ்டா வானத்தில் நின்று திரும்புகிற சமயம். ஜோசியர்கள் வக்கிரம் என்கிறார்களே, அதன் ஆரம்பம். நான் போனபோது அப்போதுதான் மெல்லக் கிளம்பியிருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு என் படத்தில் இரண்டு பிக்சல் நகர்ந்திருந்தால் அதிகம். நட்சத்திரமே ஏழு பிக்சல் இழுபட்ட படத்தில் இரண்டு பிக்சலை எங்கே போய்த் தேட? அட்லஸுக்கு ஒரு பிக்சல் 1.86 ஆர்க்செகண்ட், என்னுடையதில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. அவர்களுக்கு ஒரு மணி நேரம் போதும். எனக்கு நாள் கணக்கு வேண்டும். அதே ஆட்டத்தை நான் ஒரு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு நாள் இடைவெளி விட்டு ஆடினால் என்ன?

ஏப்ரல் 26, சனி. பத்தரைக்கு ஆரம்பித்தேன். சித்திரை நட்சத்திரத்துக்கும் விசாகத்துக்கும் நடுவில் திருப்பச் சொன்னாள். இந்த அட்சத்தில் அது கிட்டத்தட்ட தலைக்கு மேலே. கேமரா நேராக மேலே பார்க்க, நான் தரையில் மல்லாந்து படுத்துத் திரையைப் பார்க்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணிக்குப் படங்கள் மங்கின. லென்ஸில் பனி பூத்துவிட்டது. துடைத்தால் இரண்டு நிமிஷத்தில் மறுபடி. கீழே போய்க் கல்லுப்பை வறுத்து, அம்மா முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிற துணியில் முடிந்து, லென்ஸ் குழாயைச் சுற்றிக் கட்டினேன். ஒரு மணி நேரம் தாங்கியது. இதற்கு ரெசிஸ்டர் வைத்து ஹீட்டர் கட்டுவார்கள், எனக்கு உப்பே போதுமானதாக இருந்தது. உப்பு கேமராவுக்குள் போகாமல் இரண்டு மடிப்பாக முடிய வேண்டும்.

27 ஞாயிறு அமாவாசை, அருமையான இருட்டு ராத்திரி, எட்டு மணிக்கே இடி. கோடை மழை கொட்டித் தீர்த்தது. 28 ராத்திரி கழுவி விட்ட மாதிரி வானம். அதே இடம், அதே முப்பது படம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலில் சொன்னேன். தாவிய தூரம் 97 பிக்சல், மேற்குப் பக்கம். இரண்டு நாளைக்கு 28 ஆர்க்மினிட்டுக்குக் கொஞ்சம் கூடுதல், நாளைக்குப் பதினாலு சொச்சம். முழுநிலாவின் அகலத்தில் பாதி. இந்தத் தடவை நான் கத்தவில்லை. முதலில் பொருத்தாத படங்களில் அந்த இடத்தின் பிக்சல் எண்ணைப் பார்த்தேன், படத்துக்குப் படம் நட்சத்திரங்களோடு சேர்ந்து நழுவியது. சென்சார் கோளாறு இல்லை. 26 படத்தில் முதல் பத்தை மட்டும் சேர்த்துப் பார்த்தேன், இருந்தது. கடைசிப் பத்தில் பார்த்தேன், அதே இடத்தில் இருந்தது. 28க்குப் போனால் அந்த இடம் காலி. அப்புறம்தான் விரலை வைத்தேன். அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். அம்புக்குறி அங்கேதான் நின்றது.

அன்றைக்குத் தூக்கம் வராமல் பழைய கதைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். 1861 ஏப்ரலில் சென்னை வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் 67ஆம் சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்றே பேர் வைத்தார். படம் கிடையாது. கண்ணால் பார்த்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, கூடுதலாக ஒரு புள்ளி இருக்கிறதா என்று தேடுவது. புகைப்படத் தகட்டில் ஒரு சிறுகோளை முதலில் கண்டுபிடித்தது மாக்ஸ் வோல்ஃப், அது 1891இல்தான். 1988 பிப்ரவரி 17 அன்று காவலூரில் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் ராஜமோகன் கண்டுபிடித்த 4130ஆம் சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பேர். போக்சன் இருந்த சென்னை, ஜவ்வாது மலைக் காவலூர், இரண்டும் என் மாடியைவிட வடக்கே. துருவ நட்சத்திரமாவது அவர்களுக்கு ஒழுங்காகத் தெரிந்திருக்கும்.

அடுத்த தடவை மாற்றப்போவது. ராடை முதலில் ஸ்கேலில் எண்ணுவேன், பிறகுதான் ஓட்டை. வடக்குக்குப் போன் திசைகாட்டி போதும், ஆனால் ஆப்பை ரசமட்டம் பார்த்து வைப்பேன். கூட்டாளியிடம் 250 மி.மீ. வரை போகிற லென்ஸ் இருக்கிறது. அதில் ஒரு பிக்சல் 3.5 ஆர்க்செகண்ட், ஒரே ராத்திரியில் நாலு மணி நேரத்தில் நாற்பது பிக்சல் கிடைக்கும், மழைக்குப் பயந்து இரண்டாம் ராத்திரியை நம்பியிருக்க வேண்டாம். ஆனால் அந்தக் கனத்துக்கு இந்தச் சின்ன மோட்டார் தாங்குமா என்பது சந்தேகம். எதிர்ப்பக்கம் ஒரு செங்கல் கட்டிப் பார்க்க வேண்டும். அந்த நீளத்துக்கு ஒரு டிகிரித் தப்பும் கண்ணில் தெரியும், அப்போது மூத்தாசாரியின் வட்டம் உண்மையாகவே தேவைப்படும்.

குறி செரஸ். 2025 அக்டோபர் 2 எதிர்நிலை, வெஸ்டாவைவிட மங்கல், பிரகாச எண் 7.6 (எண் கூடக் கூட மங்கல்). ஆனால் புரட்டாசி நடுவில் நம்மூர் வானத்தை யார் நம்புவது? இரண்டு மழையும் வாங்குகிற மாவட்டம் இது. சூடான பிக்சல்கள் 41ஐ ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அக்கா மகள் அதற்குள் காலேஜ் போய்விடுவாள். போனில் திசை மட்டும் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். பலகை இப்போது கடையில் பரணில், ராடுக்கு கிரீஸ் தடவி, பழைய வேட்டியில் சுற்றிக் கிடக்கிறது.